வீடு இல்லாத பன்னிரண்டு கதவுகள்

இலங்கையின் மலை ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர், நான் திருச்சிக்காரன் என்றதும் "வியாபாரமா?" என்று கேட்டார். வீடு கட்டும் விஷயமாக வந்திருக்கிறேன் என்றேன். "இந்த மழையிலயா?" என்று கேட்டவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் வட்டவளையில் இறங்கும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பைத்தியத்தோடு நமக்கென்ன பேச்சு என்று நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கடல் பொங்கிக் கரையோர ஊர்களை வாரிக்கொண்டு போன மறு வருடம் அது. எங்கள் கட்டுமான நிறுவனத்துக்கு வேண்டிய ஒரு தர்ம ஸ்தாபனம், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பன்னிரண்டு குடும்பங்களுக்குத் தனித்தனி வீடு கட்டித் தருவதாக ஏற்றிருந்தது. அதுவரை அவர்கள் குடியிருந்தது லயத்தில். ஒரே கூரையின் கீழே வரிசையாகத் தடுத்த பழைய அறைகளுக்கு அங்கே அதுதான் பெயர். புது வீடுகளுக்கு ஒதுக்கிய நிலத்தைப் பார்த்து, மண் தாங்கும், தாங்காது என்று சொல்வது என் வேலை. தாங்காது என்று நான் சொன்னால் அந்த வீடு வேறு தோட்டத்துக்குப் போய்விடும். சனிக்கிழமை திருச்சிக்குத் தொலைபேசியில் முடிவைச் சொல்லிவிட்டு, நுவரெலியாவில் இரண்டு நாள் குளிர் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பலாம் என்பது என் கணக்கு.

ஸ்டேஷனிலிருந்து தோட்டத்துக்கு ஒரு ஆட்டோ கிடைத்தது. பாதி ஏற்றத்தில் அது மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே விஷயம் புரிந்தது. இறங்கினேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து தள்ளவும் வேண்டியிருந்தது. என் பெட்டி மட்டும் மகாராஜா மாதிரி உள்ளே உட்கார்ந்து வந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது இரண்டு கணுக்காலிலும் அட்டைகள் விருந்து முடித்துக்கொண்டிருந்தன.

செல்வராஜ் எனக்காகக் காத்திருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். வீட்டுச் சங்கத்துக்குச் செயலாளரும் அவரே. "வாங்க சார், வாங்க. மொதல்ல தேத்தண்ணி குடிங்க, அட்டை தானா வுழுந்துரும்" என்றார். பாலில்லாத சாயத் தேநீர் வந்தது. சர்க்கரையை அதில் போடாமல் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினார்கள். ஒரு நக்கு, ஒரு மிடறு. திருச்சியில் ஃபில்டர் காபி தவிர வேறெதையும் மதிக்காதவன் நான். அந்தத் தேநீரில் இரண்டு டம்ளர் குடித்தேன்.

"மொதல்ல எடத்தப் பாத்துருவோம் சார்" என்று செல்வராஜ் கூட்டிக்கொண்டு போனார். சரிவில் பனி மூட்டம் கொஞ்சம் விலகியது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

மலைச்சரிவில் பன்னிரண்டு கதவுகள் நின்றன. சுவர் இல்லை, கூரை இல்லை, அஸ்திவாரத்துக்கு ஒரு பள்ளம்கூட வெட்டவில்லை. நிலையும் கதவும் மட்டும், யூக்கலிப்டஸ் கம்புகளை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தன. ஒவ்வொன்றிலும் காய்ந்த மாவிலைத் தோரணம், மஞ்சள், குங்குமம். ஒன்றில் பூட்டுத் தொங்கியது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இங்கே ஆடி பிறந்தும் பன்னிரண்டு கதவும் அசையாமல் நின்றன.

"இது என்ன செல்வராஜ்?"

"வீடுங்க சார்."

"வீடு எங்கே?"

"இனிமேத்தான் கட்டணும்."

பிறகு அவர் விளக்கினார். கேட்கக் கேட்க எனக்குத் தலை சுற்றியது. ஸ்தாபனம் வாங்கி அனுப்பிய சாமான்களில் முதலில் வந்து சேர்ந்தவை கதவுகள்தான். சிமெண்ட் வரவில்லை, மணல் வரவில்லை. கொழும்பிலிருந்து ஜன்னல் கொக்கிகள்கூட வந்துவிட்டன, கம்பி வரவில்லை. கடற்கரையில் ஆயிரக்கணக்கில் வீடு கட்டுகிறார்கள், எல்லா லாரியும் அங்கே போகிறது. தோட்டத்துக்கு வந்த தச்சரும் அங்கே நல்ல கூலிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பத் தயாரானார். அதற்குள் வைகாசியில் கடைசி முகூர்த்தம் வந்தது. அதை விட்டால் ஆனி, ஆடி என்று தள்ளிக்கொண்டே போகும்.

"அதான் சார், நெலைய வச்சிட்டோம். நல்ல நேரம் நமக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா? சீமெந்து எப்ப வேணாலும் வரலாம்."

அவருடைய வீட்டைக் காட்டச் சொன்னேன். பூட்டுத் தொங்கிய கதவின் முன்னே போய் நின்று சட்டைப்பையைத் தடவினார். "அடடா, சாவி வீட்டுக்காரிகிட்ட இருக்கு சார். அவ கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருக்கா. சாயந்திரமா வந்து பாப்போம்" என்று சொல்லித் திரும்பினார். அவர் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. நானும் பின்னால் நடந்தேன்.

மறுநாள் வேலையைத் தொடங்கினேன். காவிரி மணலில் வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் மணலைத் தவிர்ப்பதுதான் கஷ்டம், சோற்றில்கூட வரும். இங்கே மணல் மலைக்குக் கீழே எங்கோ ஆற்றில் அள்ளி, லாரியில் ஏறி, பாதை முடியும் இடத்தில் இறங்கி, பிறகு ஆள் தலையில் ஏறி வரவேண்டும். கொழுந்து நிறைய வரும் காலத்தில் அந்தத் தலைகளும் கிடைக்காது. வரைபடமோ கொழும்பில் யாரோ சமதரையில் உட்கார்ந்து போட்டது. அதன்படி கட்டினால் சமையலறைப் பின்சுவர் அந்தரத்தில் நிற்கும்.

எஞ்சியிருந்த ஒரே மேஸ்திரி குணதாச பாஸ். கொத்தனாரை அங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எல்லோரும் கடலோரம் போனபோது மூட்டுவலியால் இவர் போகவில்லை. அவருக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் சுத்தமாக இல்லை. செல்வராஜ் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசினார். தோட்டத்தில் கடன் வாங்கிய கொஞ்சம் சிமெண்டையும் மணலையும் வைத்து ஒரு கழிப்பறைக்குத் தளம் போட்டிருந்தார் பாஸ். நன்றாகவே இருந்தது. ஊர்ப் பழக்கத்தில், "காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற மறக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் காலையில் கொட்டுகிற மழை. குடையோடு அந்தப் பக்கம் போனேன். தலையில் சாக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு இரண்டு பெண்கள் குடத்திலிருந்து தளத்தின்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மழை அவர்கள்மேலும் தளத்தின்மேலும் என்மேலும் ஒரே மாதிரி ஊற்றிக்கொண்டிருந்தது.

"என்னம்மா செய்கிறீர்கள்?"

"நீங்கதானே சார் காலையில ஊத்தச் சொன்னீங்க."

பக்கத்தில் பாஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் சொன்னதைச் செல்வராஜ் மொழிபெயர்த்தார்: "இந்தியாவிலிருந்து இவ்வளவு தூரம் வந்து சொன்னவரின் பேச்சை எப்படித் தட்டுவது?" அது மரியாதையா நக்கலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பதினோரு நிலங்கள் பார்த்தாகிவிட்டது. வரைபடத்தை மாற்றினால் பதினொன்றும் தேறும். கடைசியாகத் தங்கம்மாவின் கதவுக்கு வந்தோம்.

தங்கம்மா கொழுந்தெடுக்கும் பெண். நாற்பதைத் தாண்டியவர். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தங்கம்மாவின் நாக்கு கவ்வாத்துக் கத்தி என்று செல்வராஜ் முன்பே எச்சரித்திருந்தார். தேயிலைச் செடியை ஒட்ட வெட்டும் கத்தி அது. நாங்கள் போனபோது தன் கதவின் கீழ்ப்படியில் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சலசலவென்று தண்ணீர் விழும் சத்தம். மலையூற்றை மூங்கில் வைத்துத் திருப்பி விட்டிருந்தார்கள். அதற்குப் பீலி என்று பெயர்.

கடப்பாரையை மண்ணில் நிறுத்திக் கையை எடுத்தேன். அது தானாகவே இறங்கியது.

"அம்மா, இந்த இடம் ஆகாது."

"ஏங்க ஆகாது? எல்லாரும் தண்ணிக்கு நடக்கணும். எனக்கு மட்டுந்தான் தண்ணி பக்கத்துலயே இருக்கு."

"பக்கத்தில் இல்லையம்மா, அடியில் இருக்கிறது. இங்கே வீடு கட்டினால் ஒரு பெருமழையில் வீடே கிளம்பிக் கீழ் லயத்துக்கு வந்துவிடும்."

வண்டிப்பாதைக்கு மேலே ஒரு மேடு இருந்தது. அதைக் காலையிலேயே பார்த்து வைத்திருந்தேன். நல்ல இறுகிய மண், பாறை நெருக்கத்தில். "இந்த நிலையைப் பிடுங்கி அங்கே நட்டுவிடுங்கள். இப்போதே சரி என்று சொல்லிவிடுகிறேன்" என்றேன்.

பிடுங்கி என்ற சொல்லைக் கேட்டதும் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள். ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தங்கம்மா எழுந்து லயத்துப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே வாசலில் ஒரு பெண் இடுப்பில் கைவைத்து நின்றாள். நிறைமாதத்தை நெருங்கும் வயிறு. "எம் மக ரேவதிங்க. ராகலையில கட்டிக் குடுத்தோம். வளைகாப்புப் போட்டு ஆனியிலதான் தலைப்பிரசவத்துக்குக் கூட்டியாந்தேன். வீட்டுல பிள்ளத்தாச்சிய வச்சிக்கிட்டு யாராச்சும் புதுசா நெல வைப்பாங்களா? ஆரம்பிச்ச வேல நடக்கலாம், தோஷமில்ல. புடுங்கி நட்டா அது புதுசு. பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா வருவீங்க?"

"பிள்ளை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளலாமே."

"அதுக்குள்ள வீடு போயிருமே சார்" என்றார் செல்வராஜ் மெதுவாக. "சனிக்கிழம நீங்க சொல்லணுமே."

இதைக் கேட்டு நான் சிரிக்க முடியாது. திருச்சியில் என் சொந்த வீட்டுக்கு நிலை வைத்த அன்று, ராகுகாலம் போகட்டும் என்று கொத்தனார்களை அரை நாள் சும்மா உட்கார வைத்தவன் நான். பாஸைத் துணைக்குக் கூப்பிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். தங்களுக்கும் நல்ல நேரம் உண்டு, வைத்த நிலையைத் தொடமாட்டோம் என்றார். மேஸ்திரியும் அவர்கள் கட்சி.

அன்று மாலை தங்கம்மா வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. கோதுமை மாவில் தேங்காய் போட்டுத் தட்டிய கனத்த ரொட்டி, கண்ணில் நீர் வரவைக்கும் மிளகாய்ச் சம்பல். அந்த ஒற்றை அறையில் அடுப்பு, கட்டில், துணி மூட்டை, தாய், மகள் எல்லாம் இருந்தன. புகை போக வழியில்லாமல் ரேவதி இருமிக்கொண்டே ரொட்டி சுட்டாள். "பிள்ளைய இந்தப் பொகையில போட முடியுங்களா?" என்று தங்கம்மா கேட்டார். அதைச் சண்டைக்கு இழுக்கும் குரலில் கேட்கவில்லை. கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டேன். அவர்களுடைய புது வீட்டை இல்லாமல் ஆக்கப்போவது என் வாய்ச்சொல்தான் என்று நினைக்க எனக்குத் துக்கமாக இருந்தது.

வியாழக்கிழமை மறுபடியும் எல்லோரும் கதவைச் சுற்றிக் கூடினோம். அதே பேச்சு, அதே பதில். முழங்கால் வலி, நனைந்த காலுறை, அதற்குள்ளே ஓர் அட்டை. பொறுமை போய்விட்டது.

"அப்படியென்றால் சாமியைத் தூக்குகிற மாதிரி தோளில் தூக்கிக்கொண்டு போங்கள்!" என்று கத்தினேன். "படுக்கப் போடாமல், மேளம் அடித்து, ஊர்வலமாகக் கொண்டுபோய் மேட்டில் இறக்குங்கள்! பிடுங்கினதாகவும் ஆகாது, நட்டதாகவும் ஆகாது!"

புண்படுத்திவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"ஏங்க, அது நடக்குங்களே" என்றார் தங்கம்மா.

"இல்லையம்மா, நான் சும்மா..."

"சாமி கோயில விட்டு வெளிய வந்தா, வீட்ட விட்டுப் போயிருச்சுன்னா சொல்றோம்? எழுந்தருளுதுன்னுதானே சொல்றோம். நாளைக்கு ஆடி வெள்ளி. நல்லதாப் போச்சு."

அதற்குப் பிறகு என்னை யாரும் கேட்கவில்லை. விதிகள் அங்கேயே பிறந்தன. நிலையைச் சாய்க்கக் கூடாது. கதவு சாத்தியே இருக்க வேண்டும். வழியில் கீழே இறக்கலாமா என்று ஒருவர் கேட்டார். சாமி மண்டகப்படிக்கு மண்டகப்படி நிற்பதில்லையா என்று தங்கம்மா திருப்பிக் கேட்டார், அதுவும் முடிந்தது. நிலை வைத்தபோது அடியில் போட்ட நவதானியத்தை என்ன செய்வது என்று ஒரு சந்தேகம். தேயிலைக் கன்றை நாற்றுமேடையிலிருந்து மண்ணோடு எடுப்பதுபோல் எடுத்துவிடலாம் என்று பெண்கள் தீர்ப்புச் சொன்னார்கள். பாஸுக்கும் இதில் ஆட்சேபம் இல்லை. அவர்கள் பக்கமும் பெரகரா என்று சாமி ஊர்வலம் போகிறதாம்.

வெள்ளிக்கிழமை பறித்த கொழுந்தை எடைபோட்டு முடிந்ததும் புறப்பாடு. கம்புகளைக் குறுக்கே கட்டி எட்டுப் பேர் தோள் கொடுத்தார்கள். முன்னே தப்பு முழங்கியது. அடிமண்ணை ஒரு கொழுந்துக் கூடையில் ஏந்தி ரேவதியின் சித்தி நடந்தாள். என் நெற்றியில் யாரோ சந்தனத்தை அப்பி, குடையைக் கொடுத்துக் கதவுக்குப் பிடிக்கச் சொன்னார்கள். இருபத்தைந்து வருட அனுபவமுள்ள பொறியாளன் ஒரு கதவுக்குக் குடை பிடித்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடந்தேன். திருச்சியிலிருந்து யாரும் பார்க்கவில்லை என்பதே ஆறுதல்.

வண்டிப்பாதைக்கு ஏறியதும் தோள்காரர்களுக்கு மூச்சு முட்டியது. "மண்டகப்படி!" என்று ஒருவர் கத்த, கதவை நடுப்பாதையில் நிமிர்த்தி இறக்கினார்கள். அந்த நேரம் பார்த்து வளைவில் ஒரு லாரி வந்தது. பாதை ஒரு லாரி போகத்தான் காணும். ஒதுங்க இடமில்லை. டிரைவர் ஹாரனை அழுத்தினார். கதவு விலகவில்லை. இறங்கி வந்து, கதவை ஏற இறங்கப் பார்த்து, சிங்களத்தில் ஏதோ இரைந்தார்.

"என்ன சொல்கிறார்?"

செல்வராஜ் மென்று விழுங்கினார். "சீமெந்து கொண்டாந்திருக்காராம் சார். ரெண்டு மாசமா நாம கேட்டுக்கிட்டிருந்த சீமெந்து. பாதையில எந்த மடையன் கதவு வச்சான்னு கேக்குறாரு."

தங்கம்மா சிங்களத்திலேயே அவருக்குப் பதில் சொன்னார். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. பாஸுக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்தது. "கொஞ்சம் பொறுங்க தம்பி, வீடு போய்க்கிட்டு இருக்கு" என்றாராம் தங்கம்மா. கதவு மறுபடி தோளேறியது. லாரி வேறு வழியின்றி ஊர்வலத்துக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது. எத்தனையோ நாட்டுக் கட்டட வேலைகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். வாசல் முன்னே நடக்க, சிமெண்ட் பின்னே வந்த வேலை வேறெங்கும் நடந்திருக்காது.

மேட்டில் பாஸ் ஏற்கெனவே குழி எடுத்திருந்தார். அடிமண்ணைப் போட்டு, நிலையை இறக்கி, தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். கடப்பாரையை ஓங்கிப் போட்டேன். டணார் என்று துள்ளிக் கை எரிந்தது.

"ஆகும்" என்றேன்.

தங்கம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மறுநாள் திருச்சிக்குச் சொல்ல வேண்டிய எண்ணிக்கை பன்னிரண்டு.

கதவைத் திறந்து ரேவதியை வலதுகால் வைத்து வரச் சொன்னார்கள். பிறகு எங்களை. உள்ளே புல்லும் பனியும்தான். சாக்கு விரித்து உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். லாரி டிரைவருக்கும் உள்ளங்கையில் சர்க்கரை கொட்டினார்கள்.

அப்போது மேல் மலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு நின்றது. சின்னதொரை என்று அவர்கள் சொல்லும் உதவி நிர்வாகி, தப்புச் சத்தம் கேட்டு வந்திருக்கிறார். அரைக்கால் சட்டையும் பூட்ஸுமாக ஓர் இளைஞர். செடிகளுக்கு நடுவே நேரே இறங்கி, எங்கள் முதுகுப் பக்கமாக வந்தார். "என்ன கூட்டம் இது?" என்று தமிழில் கேட்டார். உட்கார்ந்திருந்த ஆண்கள் சட்டென்று எழுந்து தலைத் துண்டை எடுத்தார்கள். லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். தோட்ட நிர்வாகத்து ஆள் வந்தால் அறையில் இருப்பவர்கள்தான் வெளியே வந்து நிற்பார்கள் என்று செல்வராஜ் சொல்லியிருந்தார்.

தங்கம்மாவும் எழுந்தார்.

"தொர, அது செவுருங்க. வாசல் அந்தப் பக்கம்."

தப்படித்தவர் கை அந்தரத்தில் நின்றது. செல்வராஜ் கண்ணை மூடிக்கொண்டார். சின்னதொரை புல்லைப் பார்த்தார், பனியைப் பார்த்தார், தன்னந்தனியாக நின்ற கதவைப் பார்த்தார். என் மகன் வயதுதான் இருக்கும். முகம் சிவந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, பின்வாங்கிச் செடிகளுக்கு ஊடாகச் சுற்றத் தொடங்கினார். ஒரு தரம் வழுக்கி, எழுந்து, முன்பக்கம் வந்து சேர்ந்தார்.

அதற்குள் தங்கம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.

சின்னதொரை தட்டினார்.

"யாருங்க?" என்று கேட்டார் தங்கம்மா.

வெளியே பூட்ஸ் சேற்றைப் புல்லில் துடைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் தன் பெயரைச் சொன்னார். செல்வராஜுக்கே அதுவரை தெரியாத பெயர் அது. தங்கம்மா தாழ்ப்பாளை நீக்கினார்.